நாற்பத்து மூன்றாவது கேசட்

போன மாதம் பாஸ்போர்ட் விசாரணைக்காக எங்கள் தெருவுக்கு வந்த ஒரு இளம் சப்-இன்ஸ்பெக்டர், நான் ஓய்வுபெற்ற ஏட்டு என்று கேள்விப்பட்டு மரியாதைக்கு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். நான் அப்போது டிவியில் ஒரு பழைய ஆங்கிலப் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். லண்டன் திருடர்கள் நாலு பேர். காரில் முன்சீட்டில் யார் உட்காருவது என்று அவர்களுக்குள் தகராறு. தகராறு முடிவதற்குள் அவர்கள் மறிக்க வேண்டிய வேன் அவர்களைத் தாண்டிப் போய்விட்டது. நான் சிரித்ததில் கையிலிருந்த காப்பி சட்டையில் கொட்டிவிட்டது.

"ஐயா போலீஸ்ல இருந்தவங்க. கள்ளப்பயலுவ படத்தைப் போயி இப்படி ரசிக்கீங்களே" என்றார் தம்பி.

"போலீஸ்ல இருந்ததாலதான் ரசிக்கேன்" என்றேன்.

வயசாளி ஏதோ சொல்கிறார் என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடச் சொன்னார்கள், ஓடினோம். நிற்கச் சொன்னார்கள், மயங்கி விழுகிறவரை நின்றோம். பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்பதால் எனக்கு இங்கிலீஷ் வரும், கையெழுத்தும் அச்சடித்த மாதிரி இருக்கும். இந்த இரண்டு குறைபாடுகளும் இருக்கிற போலீஸ்காரனை வெளியே விடமாட்டார்கள். ஸ்டேஷனில் ரைட்டராக உட்காரவைத்துவிடுவார்கள். இருபது வருஷத்துக்கு மேல் நான் திருடர்களைத் துரத்தவில்லை, எழுதினேன்.

அந்த எழுத்துக்கு என்று ஒரு நடை உண்டு. அதில் திருடன் சும்மா திருடமாட்டான். 'சதித்திட்டம் தீட்டி', 'ஒருவருக்கொருவர் உடந்தையாக இருந்து' திருடுவான். பிடிபடும்போது 'சந்தேகப்படும்படியாக' நின்றுகொண்டிருப்பான். போலீசைக் கண்டதும் 'தப்பியோட முயல்வான்'. பிறகு யாரும் கேட்காமலே 'தானாக முன்வந்து' எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வான். இப்படிப்பட்ட அறிவாளியை நான் காகிதத்தில் நூற்றுக்கணக்கில் படைத்திருக்கிறேன், நேரில் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. நேரில் பார்த்தவர்களில் ஒருவன், தான் திருடி வைத்திருந்த சைக்கிளை எவனோ திருடிக்கொண்டு போய்விட்டான் என்று எங்கள் ஸ்டேஷனுக்கே புகார் கொடுக்க வந்தான். பழைய சொந்தக்காரர் அவனுக்கு முந்தின நாள்தான் புகார் கொடுத்திருந்தார். சைக்கிளின் அடையாளத்தை இருவரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஸ்டேஷனுக்கு நமச்சிவாயம் என்று ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். ஸ்டேஷன் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஆறு பக்கத்தில் ஓடுகிறது என்பது போதும். ஐயா கைநீட்டமாட்டார், கத்தமாட்டார். நெற்றி நிறையத் திருநீறு, மேஜையில் எப்போதும் ஒரு ஆரஞ்சுப் பழம். எதிரே ஒருவன் அழுதுகொண்டிருக்கும்போது, பழத்தின் ஒவ்வொரு சுளையிலும் உள்ள வெள்ளை நாரை உரித்துக்கொண்டே, "அழும்வே, அழுது முடிச்சிட்டுச் சொல்லும்" என்பார். அவருக்கு இருந்த ஒரே பலவீனம் 'நெட்வொர்க்'. கோழி காணாமல்போனாலும் அதற்குப் பின்னால் ஒரு நெட்வொர்க் இருக்கும். சின்னக் கேஸ் எதுவும் அவர் கைக்கு வந்ததில்லை, வந்ததும் பெரிதாகிவிடும்.

எங்கள் எல்லையில் மீரான் பாய் ஒரு வீடியோ கடை வைத்திருந்தார். காயல்பட்டினத்துக்காரர். வளைகுடாவில் ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரிடம் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். எஞ்சினியர் தன் ஊருக்குப் போகும்போது ஒரு பெட்டி நிறைய கேசட்டுகளை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவற்றைப் பாய் கடையில் மேல்தட்டில் அடுக்கி வைத்திருந்தார். யாரும் எடுத்துப் போனதில்லை.

ஆபாசக் கேசட்டுகளைப் பிடிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஐயா பாய் கடைக்குள் போய் அண்ணாந்து பார்த்தார். மேல்தட்டு முழுக்க இங்கிலீஷ். அதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்? நாற்பத்திரண்டு கேசட், ஒரு டிவி, கேசட் போடும் ஒரு டெக் எல்லாம் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தன.

"சாமுவேல், உமக்குத்தான் இங்கிலீஷ் தெரியும். ஸ்டேஷன்ல இருக்கிற எல்லாக் கேசட்டையும் முழுசாப் பாத்து, ஒவ்வொண்ணுலயும் என்ன இருக்குன்னு எழுதி அறிக்கை தாரும்" என்றார். எனக்கு வாய்மொழி உத்தரவில் நம்பிக்கை கிடையாது. அதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டேன்.

இப்படியாக அரசாங்கச் சம்பளத்தில் மத்தியான வேளைகளில் நான் படம் பார்க்கத் தொடங்கினேன். பழைய ரிகார்டு அறையில் ஒரு ஸ்டூல், டிவி, ஒரு நோட்டு. ஆபாசத்தைத் தேடி ஒரு கான்ஸ்டபிள் என் தோளுக்குப் பின்னால் இரண்டு நாள் நின்றுபார்த்துவிட்டு, "என்ன ஏட்டையா, எல்லாரும் கோட்டு மேல கோட்டு போட்டிருக்கானுவ" என்று வெறுத்துப் போய்விட்டார்.

பாதிக்கு மேல் திருடர்களைப் பற்றிய படங்கள், அதுவும் சிரிப்புத் திருட்டு. நம் சினிமாவில் கொள்ளைக் கூட்டத் தலைவன் என்றால் அவனுக்கு ஒரு குகை இருக்கும், பூனை இருக்கும், பொத்தானை அழுத்தினால் தரை திறக்கும். இந்தப் படங்களில் தலைவனுக்கு வாடகை வீடுதான். வீட்டுக்காரம்மாளைக் கண்டால் பயம். பிரமாதமான திட்டம் போடுவான். அதை நிறைவேற்றுவதற்குக் கிடைப்பது மச்சினனும் மச்சினனுடைய கூட்டாளியும். ஒருவனுக்கு ஜலதோஷம், ஒருவனுக்கு இடது எது வலது எது என்று தெரியாது. பூட்டை உடைக்கும்போதுகூட 'தயவுசெய்து', 'மன்னிக்கவும்' என்றுதான் பேசிக்கொள்வார்கள். எவனும் எவனையும் நம்பமாட்டான், ஆனால் ஒவ்வொருவனும் தான்தான் அதில் பெரிய மூளை என்று நினைத்துக்கொண்டிருப்பான். கடைசியில் அவர்களைக் கவிழ்ப்பது போலீஸ் அல்ல. போலீஸ் அங்கே தொப்பியைச் சரிசெய்துகொண்டிருக்கும்.

நான் ஸ்டூலிலிருந்து விழாத குறையாகச் சிரித்தேன். இருபது வருஷமாக நான் எழுதிய குற்ற அறிக்கைகள் எல்லாம் கற்பனை, இந்தக் கற்பனைதான் நிஜ அறிக்கை என்று அன்றைக்குத் தெரிந்தது. அந்தத் திருடர்களை எனக்கு நன்றாகத் தெரியும். எல்லோரும் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள்தான், கோட்டு மட்டும் புதுசு.

பதினைந்து நாளில் முடிந்திருக்க வேண்டிய அறிக்கையை நான் அவசரப்படாமல் எழுதினேன். அது தப்புதான். அந்த இடைவெளியில் மீரான் பாய் கடை படுத்துவிட்டது. போலீஸ் புகுந்த கடைக்கு எந்தக் குடும்பம் படம் எடுக்க வரும்? மிஞ்சியிருந்த ஒரு வீடியோ கேமராவை வாடகைக்கு விட்டு நாளை ஓட்டிக்கொண்டே, பழைய எஞ்சினியருக்குக் கடிதம் போட்டு மறுபடி விசா வாங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம் என்று ஆகியிருந்த வாரத்தில்தான் கல்யாணத் திருட்டு நடந்தது.

டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஆறுமுக அண்ணாச்சியின் மகள் காந்திமதிக்கு ஆற்றங்கரைப் பக்கத்து மண்டபத்தில் கல்யாணம். வீடியோ எடுக்க என்று மூன்று பேர் வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு என்று பெண் வீட்டாரும், பெண் வீட்டார் ஏற்பாடு என்று மாப்பிள்ளை வீட்டாரும் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் இருவருமே ஏற்பாடு செய்யவில்லை. தாலி கட்டி முடிந்ததும், கனமாக இருக்கிறது என்று காசுமாலையைக் கழற்றி மணப்பெண் அறையில் ஒரு சின்னப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். பந்தி முடிவதற்குள் பெட்டியைக் காணோம், வீடியோக்காரர்களையும் காணோம். சாப்பாட்டு மேஜையில் கேமரா மட்டும் இருந்தது.

கேமராவின் வாரில் மீரான் பாய் கடையின் பெயர் அச்சடித்திருந்தது. சாயங்காலமே பாயைக் கூட்டி வந்துவிட்டார்கள். காகிதத்தில் அவர் கூட்டி வரப்பட்டவர் அல்ல, 'விசாரணைக்குத் தாமாக வந்தவர்'.

"காதுகுத்துன்னு சொல்லித்தான் வாங்கிட்டுப் போனானுவ ஐயா. தெரிஞ்ச ஆளு பேரைச் சொன்னானுவ. என் நசீபு, தலையெழுத்து, நம்பிட்டேன்" என்றார் பாய்.

ஐயா ஆரஞ்சை உரித்தார். "வெளிநாட்டுத் தொடர்பு இருக்கு. கடை முழுக்கக் கொள்ளையடிக்கப் படிச்சுக் கொடுக்கிற கேசட்டு. இப்ப அவசரமா வெளிநாட்டுக்கு ஓடப் பாக்குதாரு. இது பெரிய நெட்வொர்க்கு, சாமுவேல். இவருதான் மூளை."

மறுநாள் சாயங்காலத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தியாக வேண்டும். காலையில் ஐயா என்னைக் கூப்பிட்டு ஒப்புதல் வாக்குமூலத்துக்கு வாசகம் சொன்னார். "'நான் ஆங்கிலப் படங்களைத் தொடர்ந்து பார்த்து, அதிலிருந்து திட்டம் தீட்டி' ன்னு ஆரம்பியும். மிச்சத்தை உமக்குச் சொல்லணுமா? நாலு மணிக்குள்ள முடிச்சிரும்."

அந்தப் படங்களைப் பார்த்து ஒருவன் திருடப் பழகுவது, அடுப்பில் கரிந்துபோன சோற்றைப் பார்த்துச் சமைக்கப் பழகுவது மாதிரி. இதை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைப் பெரிய வீரனாக நினைத்துவிட வேண்டாம். பெண்ணுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை, இருபத்துநாலு மணி நேரத்தில் என்னை எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போடலாம். தாளை எடுத்து மேஜையில் வைத்தேன்.

எதிர் பெஞ்சில் பாய் சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வேறு ஒரு மனிதரின் ஞாபகம் வந்தது. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் இதே கையெழுத்தில் நான் 'தானாக முன்வந்து' ஒப்புக்கொள்ளவைத்த ஒருவர். ஒரு வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். அசல் ஆள் பிறகு வேறு ஊரில் பிடிபட்டான். அந்த மனிதரை ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நல்லா இருக்கீயளா ஏட்டையா?" என்று கேட்டார்.

"ஏட்டையா" என்றார் பாய் மெதுவாக, "கேஸ் எழுதிட்டா பாஸ்போர்ட்ட முடக்கிருவாங்களா?"

நான் எழுந்து சொத்து அறைக்குப் போனேன். மண்டபத்தில் கைப்பற்றிய கேமரா அங்கே இருந்தது, உள்ளே கேசட்டும் இருந்தது. இன்னும் அரக்கு வைத்து முத்திரை போடவில்லை. அதைப் பார்க்கலாமா என்று காலையிலேயே ஐயாவிடம் கேட்டிருந்தேன். "கல்யாணக் கேசட்டுல என்னவே இருக்கும்? தாலிதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார். பார்க்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. தவிர, என்னிடம் அவர் கையெழுத்துப் போட்ட உத்தரவு இருந்தது. 'ஸ்டேஷனில் உள்ள எல்லாக் கேசட்டுகளும்.' உத்தரவை அட்சரம் தவறாமல் நிறைவேற்றுவதில்தான் ஓர் ஏட்டுக்குச் சுதந்திரமே இருக்கிறது. நோட்டில் 'நாற்பத்து மூன்று' என்று நம்பர் போட்டு, கேசட்டை முதலுக்குச் சுற்றி ஓடவிட்டேன்.

முதலில் கார் தரை தெரிந்தது. ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. ஒரு குரல் கேட்டது: "இது ஓடுதாலே?"

"ஓடலண்ணே. செவப்பா ஒண்ணு எரியுது. செவப்புன்னா நின்னு போச்சுன்னு அர்த்தம்."

"அப்படியே இருக்கட்டும். நாம என்ன படமா எடுக்கப் போறோம்? சும்மா தோள்ல வச்சுக்க."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பாய் ஒண்ணும் சந்தேகப்படலயே?"

"அவரு பாவம்ணே. எந்த ஊர்ல காதுகுத்துன்னு ரெண்டு தரம் கேட்டாரு. பிள்ளைக்குப் பேரு என்னன்னு கேட்டாரு. நா முழிச்சிட்டேன். பொறவு ஒரு பேரைச் சொன்னேன். அல்லா காப்பாத்தட்டும்னாரு."

பாயின் விடுதலைப் பத்திரம் அங்கேயே எழுதியாகிவிட்டது. ஆனால் நான் நிறுத்தவில்லை. அதற்குமேல் ஓடியது எஞ்சினியரின் நாற்பத்திரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

மண்டபத்துக்குள் நுழைந்ததுமே அவர்கள் திட்டம் முடிந்துவிட்டது. மணப்பெண் அறைப் பக்கம் நகரவிட்டால்தானே? "ஏ தம்பி வீடியோ, இங்கன வா, எங்க சின்னம்மையை எடு" என்று ஒரு கை இழுக்கிறது. "மாப்பிள்ளைக்கு மாமா வாராரு, அங்கன நின்னு எடு" என்று இன்னொரு கை தள்ளுகிறது. சுடலைமுத்து என்பவன்தான் கேமராவைச் சுமந்தவன்; பெயர்கள் எல்லாம் பிறகு தெரிந்தவை. சும்மா தோளில் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டே காலையிலிருந்து அத்தனை பேரையும் எடுத்துத் தள்ளியிருக்கிறான். இடையிடையே "அண்ணே, தோளு வலிக்கி" என்று அழாக்குறையாக ஒரு குரல். தாலி கட்டும்போது கெட்டிமேளத்துக்கு நடுவில் இவன் எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போகிறான். அங்கே போக அவனுக்கு ஒரு காரியமும் இல்லை, பார்க்க ஆசைப்பட்டிருக்கிறான்.

பிறகு பந்தி. கேமராவை இறக்கி மேஜையில், தன் முகத்துக்கு நேராகவே வைக்கிறான். ஆறுமுக அண்ணாச்சி வந்து, "நல்லாச் சாப்பிடு தம்பி, காலைல இருந்து நிக்க. எந்த ஊரு ஒனக்கு?" என்று கேட்கிறார்.

லண்டன் திருடனாக இருந்தால் ஒரு பொய் ஊரைச் சொல்லியிருப்பான். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது பெரியவர் ஒருவர் ஊர் கேட்டால், நம் பக்கத்தில் எந்தத் திருடனுக்கும் பொய் வாய்க்குள் வராது.

"ராதாபுரம் பக்கம்."

"அட, எனக்கும் பூர்வீகம் அங்கனதான். யாரு மகன் நீ?"

அவன் அப்பா பெயரைச் சொன்னான். தெருவைச் சொன்னான். அம்மா பிறந்த ஊரைக் கேட்டார், அதையும் சொன்னான். அண்ணாச்சி கொஞ்ச நேரம் விரல்விட்டு உறவைக் கணக்குப் பண்ணிவிட்டு, "அப்ப நான் ஒனக்கு மாமா முறைலா வேணும்" என்று இன்னொரு கரண்டி சாம்பாரை அவர் கையாலேயே ஊற்றினார்.

கூட்டாளி செல்லப்பா பின்னால் வந்து தோளைத் தட்டுகிறான். கக்கத்தில் துண்டால் மூடிய பெட்டி. "வாலே, போவோம்."

"பைய இருண்ணே. இன்னும் பாயாசம் வரல."

அண்ணாச்சி திரும்பி, "நீ சாப்பிட்டியா தம்பி?" என்று பெட்டிக்காரனையும் கேட்கிறார்.

"சாப்பிட்டாச்சு மாமா" என்று அவனும் சொல்கிறான். சுடலைமுத்து எச்சில் கையோடு எழுந்து ஓடுகிறான். அதற்குப் பிறகு கேசட் முடிகிறவரை ஒரு எச்சில் இலை.

மணி மூன்று. இனி ஐயாவைப் பார்க்கவைக்க வேண்டும். 'உங்கள் முடிவு தப்பு' என்று சொன்னால் ஓர் இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டார். அவர் அறைக்குப் போய் விறைப்பாக நின்றேன்.

"ஐயா, ஒரு கேசட்டு ஆபாசமா இல்லையான்னு எனக்கு முடிவு பண்ண முடியல. ஐயாதான் பாத்துச் சொல்லணும்."

நமச்சிவாயம் ஐயா அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை. ரிகார்டு அறைக்குள் வந்ததும் அவரே கதவைச் சாத்தினார்.

ரப்பர் செருப்பைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "என்னவே இது?" என்றார். பாய் பெயர் வந்ததும் உரிப்பது நின்றது. கையில் பாதி உரித்த ஆரஞ்சு அப்படியே இருந்தது. 'யாரு மகன்' வந்தபோது அவர் தோள் லேசாகக் குலுங்கியது. சிரித்தாரா என்று பின்னாலிருந்து எனக்குத் தெரியவில்லை. முடிந்ததும் அவர் செய்த முதல் காரியம், "அந்தச் சாம்பார் இடத்துக்குத் திருப்பும்" என்றதுதான்.

இரண்டாம் தடவையும் பார்த்துவிட்டு டிவியை அவரே அணைத்தார்.

"அந்த வாக்குமூலம் எழுதியாச்சா?"

"இன்னும் இல்லங்கய்யா."

"எழுத வேண்டாம். பாய் தானா முன்வந்து போலீசுக்குத் தகவல் கொடுத்தாருன்னு எழுதும். ராதாபுரத்துக்கு ஜீப்பை அனுப்பும்." வாசல்வரை போனவர் திரும்பி என்னைப் பார்த்தார். "உத்தரவை வச்சிருக்கீரோ?"

"பத்திரமா இருக்குங்கய்யா."

"இருக்கட்டும்" என்று போய்விட்டார்.

மூன்று பேரும் சுடலைமுத்துவின் அக்காள் வீட்டில் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்களாம். பெட்டி திறக்கவே இல்லை. யார் திறப்பது என்று முடிவாகாமல், ஒருவன் வெளியே போனால் மற்ற இருவர் திறந்துவிடுவார்கள் என்று, முந்தின நாள் மத்தியானத்திலிருந்து எவனும் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. போலீஸ் வந்ததும் மூன்று பேர் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது என்று போய்வந்த கான்ஸ்டபிள் சொன்னார். காசுமாலை முழுசாகக் கிடைத்தது. அறிவியல் முறையில் வீடியோ ஆதாரத்தைக் கொண்டு ஒரு நெட்வொர்க்கையே முறியடித்ததற்காக ஐயாவுக்கு மேலிடத்துப் பாராட்டு வந்தது. அதற்கான அறிக்கையையும் நான்தான் எழுதினேன். 'சதித்திட்டம் தீட்டி' என்ற வார்த்தையை அதில் கூச்சமில்லாமல் மூன்று இடத்தில் போட்டேன்.

பாயிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்படி ஒரு படிவம் எங்களிடம் கிடையாது. வெளியே சாலைவரை போய் ஆட்டோ ஏற்றிவிட்டேன். "கேசட்டெல்லாம் திரும்பக் கிடைச்சா நீங்களே வச்சுக்கிடுங்க ஏட்டையா. எனக்குப் பாக்கத் தெம்பில்ல" என்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை விமானம் ஏறினார். என் அறிக்கையில் 'ஆபாசம் இல்லை' என்று நாற்பத்திரண்டு தரம் எழுதிய பிறகு அவை என் வீட்டுக்கு வந்தன.

வழக்கு முடிந்ததும் ஆறுமுக அண்ணாச்சி ஸ்டேஷனுக்கு வந்தார். நகை கிடைத்ததற்கு நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். தயங்கித் தயங்கி, "அந்தக் கேசட்டு கிடைக்குமா? நாங்க வேற வீடியோ எடுக்கலலா. அது ஒண்ணுதான் இருக்கு" என்றார். கோர்ட்டுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். நீதிபதி தாராளமாக உத்தரவு போட்டார்.

நான் ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் ஒரு பெண் என்னை அடையாளம் கண்டு நிறுத்தினாள். காந்திமதி. தலையில் நரை இறங்கியிருந்தது. அப்பா காலமாகி மூன்று வருஷம் ஆகிறது என்றாள்.

"அப்பா குரலு அந்தக் கேசட்டுல மட்டுந்தான் சார் இருக்கு. போட்டோவுல எல்லாம் வெறைப்பா நிப்பாங்க. அதுலதான் அப்பா அப்பாவா இருக்காங்க" என்றாள். கொஞ்சம் யோசித்து, "தாலி கட்டுதப்ப நான் அழுதேன்லா, அதைக் கிட்டக்க வந்து எடுத்திருக்கான் அந்தப் பய. நல்ல கைத்தொழில் சார் அவனுக்கு. அவன் இப்ப எங்கன இருக்கான்?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். அவள் காய்கறிப் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "பாத்தா சொல்லுங்க சார், என் மகளுக்குத் தையில கல்யாணம்" என்றாள்.